அம்மாவின் முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர்: போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் மாடிப்படி இறங்குகிறார். இங்கே சிங்கப்பூரில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சீன மருத்துவர் இருக்கிறார், முறையாகப் பதிவு பெற்றவர்தான், பார்த்துவிட்டேன். நாக்கைப் பார்ப்பார்கள், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடிப்பார்கள், அப்புறம் மெல்லிய ஊசிகளைக் குத்தி 20, 30 நிமிடம் அப்படியே விடுவார்கள், குத்திய இடம் கனமாக, மதமதவென்று இருக்கும், இவ்வளவு தெரியும்.

என் கவலை வேறு. அம்மா இதயத்துக்காக வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் உண்டு. இந்த மாத்திரை எடுப்பவர்கள் யாராவது அக்குபஞ்சர் ஊசி போட்டுக்கொண்டீர்களா? குத்திய இடத்தில் ரத்தம் கட்டியதா? மாத்திரையை நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மூலிகைக் கஷாயமும் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன், தாங்குய் மாதிரியான சீன மூலிகைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். மாக்சா என்ற காய்ந்த மூலிகை இலையைக் கொளுத்திச் சூடு காட்டுவார்களே, பாதம் மரத்துப்போனவருக்கு அது சரிவருமா? சூடு பட்டாலே அம்மாவுக்குத் தெரிவதில்லை.

எத்தனை தடவைக்குப் பிறகு வலி குறைந்தது, குறையவே இல்லையென்றாலும் சரி, உள்ளபடி எழுதுங்கள். அடுத்த வாரம் இதய மருத்துவரிடம் கேட்கப் போகிறேன், அதற்குள் தெரிந்தால் நல்லது.