80 கிலோ முந்திரி மூட்டையைத் தூக்க வேக்குவம் லிஃப்டர் ஒத்துவருமா?

பண்ருட்டிக்காரன்:
வணக்கம். பண்ருட்டிக்கு அருகில் முந்திரிக்கொட்டை உடைக்கும் சிறிய ஆலை ஒன்றின் குடோனைக் கவனித்துவருகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை, 80 கிலோ சணல் மூட்டைகளாக லாரியிலிருந்து இறங்குகிறது. லோடுமேன்கள் அதை முதுகில் சுமந்துவந்து ஆளுயரத்துக்கு அட்டி போடுகிறார்கள். இடுப்பு வலியால் மூத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். காற்றால் உறிஞ்சித் தூக்கும் வேக்குவம் லிஃப்டரை வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

கடலூர் மெக்கானிக்:
ஐயா, அந்த இயந்திரம் அட்டைப்பெட்டிக்கும் பிளாஸ்டிக் பைக்கும் நன்றாக உழைக்கும். சணல் சாக்கிலோ இழைகளுக்கிடையே காற்று நுழைந்துகொண்டே இருப்பதால், பிடி நழுவாமலிருக்கப் பெரிய பம்ப் வேண்டியிருக்கும். சாக்கின் தும்பும் தூசியும் ஃபில்டரை அடைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் மூட்டையையே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், புதுப் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டுவதை நம்பிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், தனித் தூண்களில் நிறுத்திய ஐ-பீம் என்ற இரும்பு உத்திரத்தில் ஓடும், அரை டன் வரை சங்கிலியால் தூக்கும் மின்சாரச் செயின் ஹாய்ஸ்ட் போதும். ஐந்து மூட்டைகளை ஸ்லிங் என்ற தூக்குப்பட்டையில் கட்டினாலும் 400 கிலோதான். செலவைக் குறைக்கக் கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸிலேயே தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சே வேண்டாம்.

புதுவைப் பாதுகாப்பு அலுவலர்:
மேலே சொன்னது சரியே. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய எடைதூக்கும் சூத்திரத்தில், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான்; உங்கள் மூட்டை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். தரையிலிருந்து குனிந்து எடுப்பதும், எடையோடு இடுப்பைத் திருப்புவதும் அந்த வரம்பை மேலும் குறைக்கும் என்பதால், மூட்டையை இடுப்பு உயரத்திலேயே கைக்குக் கொண்டுவரும், ஏறி இறங்கும் சிசர் மேசையையும் யோசியுங்கள். சுமையை உயர்த்தி அடுக்கும் பேட்டரி ஸ்டேக்கர் வண்டி வாங்குவதானால் முதலில் தரையைப் பாருங்கள், குண்டும் குழியுமான தளத்தில் அதன் சிறிய சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். ஹாய்ஸ்டின் மேல் பாதுகாப்பான எடை வரம்பை எழுதி, 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்திருந்த முறைப்படி ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்து வையுங்கள்.

பண்ருட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. ஆனால் எங்களிடம் மூட்டைக் கணக்கில்தான் கூலி.

கடலூர் மெக்கானிக்:
அப்படியானால் முதலில் கூலியைப் பேசி முடியுங்கள். ஸ்லிங் கட்டி அவிழ்க்கும் நேரத்தில் முதுகில் இரண்டு நடை போய்வந்துவிடலாம் என்று லோடுமேன் கணக்குப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இயந்திரம் வந்த பிறகும் பழைய வருமானம் குறையாது என்று நாள் கூலியாகவோ லாரிக் கணக்காகவோ உறுதி கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஹாய்ஸ்டுக்கு முன்பணம் கட்டுங்கள்.