மலை சுகாதார நிலையத்துக்குச் சமூகப் பணியாளர் தேவையா? – ஏற்காடு ஒன்றியத்தை முன்வைத்து ஒரு விவாதம்

சேர்வராயன் காப்பி (திரியைத் தொடங்கியவர்)
என் கோரிக்கையை நேராகவே வைத்துவிடுகிறேன். ஏற்காடு ஒன்றியத்தில் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்த ஒருவரை நிரந்தரமாகப் போட வேண்டும். மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், மாத்திரையும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஓர் அம்மா காசநோய் மாத்திரையை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டார். சிறுநீர் சிவப்பாகப் போனதாம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அதை யாரும் சொல்லவில்லையோ, சொன்னது அவர் காதில் ஏறவில்லையோ தெரியாது. ரத்தம் போகிறது என்று நினைத்து, மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கேட்டால் "சாப்பிடறேன் சாமி" என்கிறார். ஆறு மாத சிகிச்சையை இப்படி விட்டால் அப்புறம் கிருமி மருந்துக்கே அடங்காமல் போகலாம். இவரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுவது யார் வேலை?

செவ்வாய்ப்பேட்டை பாலு
அண்ணா, சிறுநீர் நிறம் மாறும் என்று சொல்வதற்கு முதுகலைப் பட்டம் எதற்கு? மாத்திரை கொடுக்கிறவர் சொல்ல வேண்டியது அது. அவர் சொல்லவில்லை என்றால் அவரைச் சொல்ல வையுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலையில் 3,000 பேருக்கே ஒன்று என்று விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு சுய உதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக சுகர், பிரஷர் மாத்திரைகளை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இத்தனை பேருக்கு மேல் இன்னொருவர் நோட்டைத் திறந்து "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்கப் போகிறாரா? பணம் இருந்தால் காலியாகக் கிடக்கிற செவிலியர் இடங்களை நிரப்பட்டும்.

அஸ்தம்பட்டி எம்.எஸ்.டபிள்யூ.
நோட்டு என்றதும் பதில் எழுதாமல் போக முடியவில்லை, பாலு அண்ணா. நான் அந்தப் படிப்புப் படித்து, ஒப்பந்தத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என் வேலை எங்கே தொடங்குகிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காக மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை வேண்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். படுக்கையில் படுத்த பிறகுதான் தெரிகிறது, கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையில்தான் இருக்கிறது. அம்மா வீடு தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில். கணவர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைகிறார். அன்றாடக் கூலி போகிறது. மூன்றாம் நாள் "வீட்டுக்கே போயிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கேஸ் ஷீட்டில் 'சொந்த விருப்பத்தில் சென்றார்' என்று இருக்கும். எந்த டாக்டர் இதைத் தடுப்பார்? எந்த நர்ஸுக்கு நேரம் இருக்கிறது?

இது ஏதோ நேற்று முளைத்த யோசனையும் இல்லை. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1946-லேயே மருத்துவ சமூகப் பணியாளரை நியமித்தார்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்தின் அட்டவணையிலும் எங்கள் தொழில் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை பாலு
அட்டவணையில் பெயர் இருந்தால் மலையில் ஆள் இருந்துவிடுவாரா தங்கச்சி? ஒப்பந்தம் முடியும்போது நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அடுத்தவர் வந்து அதே குடும்பத்திடம் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்பார். ஊருக்குள்ளேயே இருக்கிற பெண் எங்கும் போகமாட்டார், யார் வீட்டு ஆண் குடிக்கிறார், யார் மருமகளைப் பட்டினி போடுகிறார் என்று அவருக்குக் கேட்காமலே தெரியும்.

கொண்டை ஊசி
20 வளைவு ஏறி யார் வருவார்? முதல் மாதம் வாந்தி, இரண்டாவது மாதம் டிரான்ஸ்ஃபர் :)

அஸ்தம்பட்டி எம்.எஸ்.டபிள்யூ.
நான் பிறந்ததே மலையில்தான். வாந்தி எனக்கு வராது. நிரந்தர வேலைதான் வரமாட்டேன் என்கிறது.

பாலு அண்ணா, ஊர்ப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் சில வீடுகளில் சிக்கலே. கணவர் அடிக்கிறார் என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடும். காசநோயும் அப்படித்தான். மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் வாசலில் மாத்திரை வாங்கவே பயப்படுகிறார்கள்.

ஓய்வு பெற்ற நர்ஸம்மா
வெகு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் என்ற முறையில் இரண்டு பேருக்கும் சொல்ல இருக்கிறது.

பாலு தம்பி, "நர்ஸ் பார்த்துக்கொள்வார்" என்பதை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, அதற்கான பிக்மி எண், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையான 18,000 ரூபாய் தவணை ஏன் வரவில்லை என்று பேங்க் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், இவ்வளவும் ஒருத்தி தலையில். அந்த அரிசி டப்பாவைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும், ஒரு வாய் டீ குடிக்க வேண்டும். அதற்கு எனக்கு நேரம் கிடைத்ததில்லை.

ஆனால் தங்கச்சி, உங்கள் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் காலை பதினோரு மணிக்குத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு வந்து நின்றார். கதவெல்லாம் பூட்டு. திண்ணையில் ஒரு பாட்டியும் நாயும்தான். பாட்டியிடம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெளிச்சம் இருக்கும்வரை தோட்டத்தில்தான் ஜனம் இருக்கும் என்பது தெரியாமல் மலையில் என்ன வேலை பார்க்க முடியும்? கீழே ஆஸ்பத்திரிகளில் மறு பரிசோதனைக்குத் தேதி போடுகிறவர்களுக்கும் இதே பாடம்தான். அந்த மாதங்களில் வரச் சொன்னால் வரமாட்டார்கள்.

சேர்வராயன் காப்பி
நர்ஸம்மா சொன்னதை அப்படியே என் கட்சிக்கு எடுத்துக்கொள்கிறேன். நேரம் இருக்கிற, நேரம் தெரிந்த ஆள் வேண்டும். மலைக்காரரையே படிக்க வைத்துப் போடலாமே.

செவ்வாய்ப்பேட்டை பாலு
சரி, இவ்வளவு பேர் சொன்ன பிறகு நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் சொன்ன உதாரணங்களில் பாதி எங்கே நடக்கிறது? கீழே, சேலத்தில். அட்டை இல்லாமல் திரும்பிய பெண்ணுக்கு மலையில் இருக்கிற சமூகப் பணியாளரால் என்ன பயன்? ஆளைக் கீழே போடுங்கள், மலை நோயாளிகள் வந்து சேர்கிற ஆஸ்பத்திரிக்குள். மேலே இருப்பதை நர்ஸும் தன்னார்வலரும் பார்க்கட்டும். சுகாதார நிலையத்துக்கு ஒருவர் என்றால் இப்போதும் எதிர்ப்புதான்.

அஸ்தம்பட்டி எம்.எஸ்.டபிள்யூ.
கீழே மட்டும் இருந்தால், கிளம்பிப் போனவரைத் திரும்பக் கூட்டிவர யார் மேலே போவது? மனநலத்துக்கு மாவட்டக் குழு இருக்கிறது, அதில் சமூகப் பணியாளரும் உண்டு. குழு மாவட்டம் முழுக்கப் பார்க்க வேண்டியது. குடிநோய்க்கு மருந்து எழுதி வாங்கிவந்த ஆள் மறுபடி குடிக்கத் தொடங்கும் இரவில் அவர் மனைவி யாருக்குப் போன் போடுவார்?

ஓய்வு பெற்ற நர்ஸம்மா
எனக்குத்தான் போடுவார்கள். இப்போதும் போடுகிறார்கள், ஓய்வு பெற்ற பிறகும்.

பாலு தம்பி சொல்கிற மாதிரி கீழே ஓர் ஆள் என்பதை நான் ஒத்துக்கொள்வேன், ஒரு நிபந்தனையோடு. இந்த மலையின் மலையாளிப் பழங்குடி ஜனம் யாராவது டிஸ்சார்ஜ் ஆனால் அன்றைக்கே அந்த ஊர் செவிலியருக்குப் போன் வர வேண்டும். என்ன மருந்து, அடுத்து எப்போது வர வேண்டும், அந்தத் தேதி பழம் பறிக்கிற நாளா என்பது வரைக்கும் பேச வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையில் போட்டு அனுப்பினால் அது சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை பாலு
போன் செய்வதற்கு ஒரு பதவியா என்று நாளைக்கு ஒருவர் இங்கே வந்து கேட்பார், நர்ஸம்மா.

கொண்டை ஊசி
நேற்று வரை அது நீங்கள்தானே பாலு அண்ணா.