பிள்ளையை அதன் போக்கில் விடுவதும் வீட்டில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதும் ஒத்துவருமா?

நூல்கண்டு:
ரெண்டு வயசுப் பிள்ளை பின்னாடி நாள் முழுக்க ஓட வேண்டாம், இடத்தைச் சரி பண்ணினா போதும் என்பது என் கட்சி. மூணடி உயரம் வரை ஆபத்தில்லாத ஒரு அறை வேணும். புளியங்கொட்டை, சோழி, பட்டன், வட்ட பேட்டரி என்று சுமார் 3 செ.மீ. குறுக்களவுக்குள் அடங்குறது எல்லாம் பரண் மேலே போகணும். பேட்டரியை முழுங்கினா 2 மணி நேரத்தில் தொண்டை வெந்துடும். தண்ணி டிரம்முக்கு மூடி போட்டு, வாளியைக் கவுத்து வைங்க. பிறகு கொட்டாங்குச்சியும் நாலு கிண்ணமும் கொடுத்துட்டு ஒதுங்குங்க. சலிச்சுப்போய்ச் சிணுங்கும். உடனே புதுப் பொம்மையைக் காட்டாதீங்க, தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து சுங்குடி முடிச்சுப் போடலாம் (துணியில் புள்ளி புள்ளியா நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துற மதுரைச் சேலைதான் சுங்குடி). மனசுக்குப் பிடிச்ச வேலை, பிள்ளையும் கண் முன்னால.

ஒத்தக்கடைக்காரன்:
அக்கா, இடம் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. சுங்குடிதான் இடிக்குது. துணியை நகநுனியால கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுத்தி, அந்த இறுக்கம் விடாம அடுத்த புள்ளிக்குப் போகணும். நடுவுல பிள்ளை மடியில வந்து விழுந்தா சுத்து தளரும். தளர்ந்தது அப்பத் தெரியாது. சாயத்தில் முக்கிக் காயவச்சு நூலைப் பிரிக்கும்போதுதான், வெள்ளைப் புள்ளி நிக்க வேண்டிய இடத்தில் சாயம் புகுந்து மங்கலாத் தெரியும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கின துணி அது, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அதோட, கண் புள்ளி மேல இருந்தா பிள்ளை மேல இருக்காது. கவுக்க மறந்த வாளியில நாலு விரக்கடை தண்ணி போதும், குழந்தை மூழ்குற சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேக்காது.

நூல்கண்டு:
அதனாலதான் வேலையை ரெண்டாப் பிரிக்கணும் தம்பி. துணியில புள்ளி குறிக்கிறது, சாயம் காய்ஞ்ச பிறகு நூல் பிரிக்கிறது எல்லாம் பாதியில விட்டா கெடாது, பிள்ளை முழிச்சிருக்கும்போது செய்யலாம். முடிச்சும், தையல் வேலையும் இருந்தா ரவிக்கை வெட்டுறது, அதுக்குக் கை வச்சுத் தைக்கிறது எல்லாமும் அது தூங்கும்போதுதான். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறதா இருந்தா ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வைக்கணும். மிதி மெஷினா, எழுந்திரிக்கும்போது சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழட்டிடணும். மிதிப்பலகையை ஆட்டிப் பாக்காத பிள்ளை கிடையாது, பெல்ட் இருந்தா விரல் மாட்டும். சாயம் மட்டும் எந்த வயசுலயும் வீட்டுக்குள்ள கூடாது, சாயத்தோட சேக்குற காஸ்டிக் சோடா பட்ட இடம் வெந்துபோகும்.

ஆனைமலை அடிவாரம்:
பிள்ளை தூங்கும்போது அம்மா வேலை பார்த்தா அம்மா தூங்குறது எப்போ? நிறைவான வேலைன்னு நீங்க ரெண்டு பேரும் பேசுறது மிச்சம் மீதி நேரத்துல செய்ற வேலையை. எனக்கு அது சம்மதமில்லை. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்திலிருந்தே 50 பேர் அல்லது அதுக்கு மேல் வேலை பாக்குற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பாத்துட்டு வரலாம். வீட்டுத் திண்ணையில முடிச்சுப் போடுறவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. ரெண்டு வயசு முடிஞ்சா அங்கன்வாடி இருக்கு, மதியச் சாப்பாடும் உண்டு. அதுவரைக்கும் காம்பவுண்டு வீட்டுல ரெண்டு தாய்மார் முறை போட்டுக்கலாம். ஒருத்தர் ரெண்டு மணி நேரம் ரெண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பாக்கணும், அந்த நேரத்துல ஊசியும் கூடாது, நூலும் கூடாது. அடுத்தவங்களுக்கு அந்த ரெண்டு மணி நேரம் முழுசா வேலைக்குன்னே கிடைக்கும். சாயங்காலம் அப்பாவோட முறை. குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது மட்டுமில்ல, 16 முதல் 24 மாசத்துக்குள்ள வர்ற தட்டம்மை ரெண்டாம் தவணை ஊசியை ஞாபகம் வச்சிருந்து கூட்டிட்டுப் போறதும் அவர் பொறுப்புதான்.

ஒத்தக்கடைக்காரன்:
முறை போடுறதுலயும் சிக்கல் இருக்கு. நாலு வயசுப் பிள்ளையோட பாசிமணி ஒரு வயசுப் பிள்ளை வாய்க்குப் போகும். பெரியதுக்குக் கட்டில் மேல தனி இடம் வேணும். பாக்குறவங்களுக்கு அலுப்பு வந்தா போனைக் கையில கொடுத்துடுவாங்க. ரெண்டு வயசுக்குக் கீழ திரையே வேண்டாம், நாலு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியிருக்கு.

நூல்கண்டு:
முறை நல்லதுதான். ஆனா பிள்ளை பக்கத்துல வச்சு நூல் பிரிக்கிறதை நான் விடச் சொல்ல மாட்டேன். பிரிச்ச நூலை எடுத்து அது தன் விரல்ல சுத்திப் பாக்கும், அதுவும் விளையாட்டுதான்.

ஆனைமலை அடிவாரம்:
கழுத்துல சுத்திக்கும் அக்கா. பிரிக்கப் பிரிக்க மூடியிருக்கிற டப்பாவுல போடுங்க. முறை மாத்தும்போது "இனிமே நான் பாத்துக்கிறேன்"னு வாய்விட்டுச் சொல்லி, "சரி"ன்னு பதில் வாங்கிட்டுத்தான் நகரணும்.