மகரந்தம் படிந்த காரைக் கீறாமல் கழுவுவது எப்படி? கழுவிய பிறகும் மஞ்சள் திட்டு போகவில்லை

கருப்புவண்டி:
வணக்கம் மக்களே. என்னுடையது கருப்பு நிற கார். மூடிய பார்க்கிங் கிடையாது, மரத்தடியில்தான் நிற்கும். மரமெல்லாம் பூத்துக் கொட்டுவதால் தினமும் காலையில் வண்டி முழுக்க மஞ்சள் பொடி. ராத்திரி லேசாகத் தூறல் போட்டால் இன்னும் மோசம், பொடி கரைந்து வழிந்து பானட் ஓரத்தில் கோடு கோடாகக் காய்ந்து கிடக்கிறது. போன வாரம் ஷாம்பூ போட்டு நன்றாகவே கழுவினேன். காய்ந்த பிறகு பார்த்தால் மழைச்சொட்டு விழுந்த வடிவத்திலேயே மங்கலாகத் திட்டுகள். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. இது கறையா, இல்லை பெயின்டே போய்விட்டதா? அப்புறம், இந்த சீசனில் அடிக்கடி கழுவினால் கீறல் விழும், கழுவாமல் விட்டால் கறை பிடிக்கும் என்று இரண்டு பக்கமும் பயமுறுத்துகிறார்கள். எதைக் கேட்பது?

ஞாயிறுவாஷ்:
இதுக்கெல்லாமா கவலைப்படுவது? காலையில் கிளம்பும்போது காய்ந்த துணியால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

வாளிக்காரன்:
ஞாயிறுவாஷ் அண்ணே, வெள்ளை வண்டியாக இருந்தால் நீங்கள் சொல்வது போல் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், ஏனென்றால் கீறல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கருப்பு வண்டிக்கு அது ஆகாது. மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரை இருக்கும், அதன் வெளி ஓடு லேசில் சிதையாத கெட்டியான பொருள், சில வகைகளில் முள்முள்ளாகக்கூட இருக்கும். ஆனால் உண்மையான வில்லன் அதோடு சேர்ந்து உட்காரும் மண்தூசிதான். மஞ்சளாகத் தெரிவதால் எல்லாம் மகரந்தம் என்று நினைக்கிறோம், அதற்குள்ளே மணலும் இருக்கிறது. பெயின்டுக்கு மேலே நிறமில்லாத பூச்சாக இருக்கும் கிளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான். அதன் மேல் காய்ந்த துணியைப் போட்டுத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரியுமே, அது இப்படித்தான் வருகிறது.

கருப்புவண்டி, நீங்கள் கழுவியபோது ஷாம்பூ போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் விட்டீர்களா? எவ்வளவு நேரம்?

கருப்புவண்டி:
விட்டேன், ஆனால் நனைகிற அளவுக்குத்தான். உடனே ஸ்பாஞ்சை எடுத்துவிட்டேன். ஒரே வாளிதான். அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

வாளிக்காரன்:
அங்கேதான் மாற்ற வேண்டும். கை படுவதற்கு முன்னால் முடிந்த அளவு அழுக்கு தண்ணீரோடு போய்விட வேண்டும், இந்த சீசனில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிழலில் நிறுத்துங்கள், பானட்டைத் தொட்டால் சுடக்கூடாது. மேற்கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்கி நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஒரு அடி தள்ளியே பிடியுங்கள், கிட்டே கொண்டுபோனால் ரப்பர் பீடிங்கும் பெயின்ட் ஏற்கெனவே பெயர்ந்த இடமும் உரிந்து வரும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் அந்தப் பள்ளம், கதவு விளிம்பு, டிக்கி ஓரம், இங்கெல்லாம் மகரந்தம் அடை அடையாகத் தேங்கி நிற்கும். அதை விட்டுவிட்டால் கழுவி முடித்த பிறகு மஞ்சள் தண்ணீர் வழிந்து வந்து மறுபடியும் கோடு போடும். நுரை அடிக்கிற பாட்டில் இருந்தால் அடித்துச் சில நிமிடம் ஊற விட்டு, காய்வதற்குள் அலசிவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் கை. ஸ்பாஞ்ச் வேண்டாம், அது தட்டையாக இருப்பதால் மாட்டிய மணலை அப்படியே இழுத்துக்கொண்டு போகும். மைக்ரோஃபைபர் கையுறை வாங்குங்கள், இழைகளுக்குள் தூசி ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் கையுறையை நன்றாக அலசிப் பிழிந்த பிறகுதான் ஷாம்பூ வாளியில் முக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த அலசும் வாளியின் அடியைப் பாருங்கள், அந்தச் சேறு மொத்தமும் இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்று புரியும். வட்டமாகத் தேய்க்காமல் நேராக, அழுத்தாமல் இழுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் மட்டும் வேண்டாம், பெயின்ட் மேல் பாதுகாப்புக்காகப் பூசிய வேக்ஸ் இருந்தால் அதையும் சேர்த்து வழித்துவிடும்.

ஞாயிறுவாஷ்:
சரிங்க, துணியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தினமும் இவ்வளவும் செய்தால் வேலைக்கு யார் போவது?

வாளிக்காரன்:
தினமும் வேண்டாம். வாரம் ஒருமுறை முழுசாகக் கழுவினால் போதும். நடுவில் தூறல் போட்டுக் காய்வதற்குள் வெறும் தண்ணீர் விட்டு அலசிவிட முடிந்தால் பாதி வேலை மிச்சம். தண்ணீர் இல்லாமல் ஸ்பிரே அடித்துத் துடைக்கிற ஐட்டம் எல்லாம் லேசான தூசிக்குத்தான், இவ்வளவு பொடி மேலே இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். சுழலும் பிரஷ் போட்டுக் கழுவும் இடமும் அப்படித்தான், முன்னால் போன வண்டியின் மணல் அந்த பிரஷில் இருக்கும்.

பெயின்ட்பூத்:
திட்டு விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. தடவினால் தட்டுப்படவில்லை என்கிறீர்கள், அப்படியானால் பயப்பட வேண்டாம், பெயின்ட் போகவில்லை. மகரந்தம் ஈரமானால் உப்பி வெடித்து உள்ளே இருக்கும் புரதமும் பெக்டின் என்ற பசை போன்ற பொருளும் வெளியே வரும். அது காயும்போது சுருங்கி கிளியர் கோட்டையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும். ஷாம்பூவுக்கு இது அசைந்து கொடுக்காது, சூடுதான் மருந்து.

முதலில் வண்டியை மேலே சொன்னபடி கழுவிவிடுங்கள், அழுக்கின் மேல் இதைச் செய்யக்கூடாது. 60, 70 டிகிரி சூட்டில் தண்ணீர், கொதிக்கக்கூடாது. மைக்ரோஃபைபர் துணியை முக்கிப் பிழிந்து (ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சுடும்) திட்டின் மேல் விரித்து ஓரிரு நிமிடம் விடுங்கள். ஆறிப்போனால் மறுபடி முக்குங்கள். தேய்க்க வேண்டாம், எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடலாம். ஸ்டிக்கர், பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய இடத்திலும் வேண்டாம்.

எடுத்த எடுப்பிலேயே பாலிஷ் போடக் கிளம்பிவிடாதீர்கள். பாலிஷ் என்றால் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், அது கடைசி வழி.

தும்மல்திலகம்:
வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், ஓட்டுகிறவரையும் கொஞ்சம் பாருங்கள். அலர்ஜி இருப்பவர் என்றால் கழுவும்போது என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள். காற்றடிக்கும் வறண்ட நேரத்தில் கழுவாதீர்கள், நல்ல மழை ஓய்ந்த பிறகு காற்றில் பொடி குறைவாக இருக்கும். முடித்ததும் உடுப்பை மாற்றித் தலைக்குக் குளித்துவிடுங்கள், முடியில் ஒட்டிய மகரந்தம் தலையணை வரை வரும். அதைவிட முக்கியம் கேபின் ஃபில்டர். நிறைய வண்டிகளில் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், கழற்றிப் பாருங்கள். சாம்பலாக அடைத்துக் கிடந்தால் புதிதாக மாற்றுங்கள், ஊதிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டாம். உள்ளே டேஷ்போர்டை ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்த துணி பொடியைக் கிளப்பி மூக்குக்கே அனுப்பும்.

கருப்புவண்டி:
கேட்காமலே சொன்னதற்கு நன்றி அக்கா, தும்மலைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். துடைக்கிற விஷயத்தில் ஒரு சந்தேகம், காயவிடலாமா, துடைக்க வேண்டுமா?

வாளிக்காரன்:
தானாகக் காயவிட்டால் தண்ணீரின் உப்புக்கறை அதன் பங்குக்கு ஒட்டும். பெரிய மைக்ரோஃபைபர் டவலை மேலே விரித்துத் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். அது முடிந்த கையோடு வேக்ஸோ சீலன்டோ (வேக்ஸ் போலவே பூசும் பாதுகாப்புப் பூச்சு) போட்டுவிட்டால் அடுத்த மகரந்தம் இவ்வளவு பிடிக்காது, வெறும் தண்ணீரிலேயே நிறைய போய்விடும். கறை படிவதை முழுசாகத் தடுக்காது, எடுப்பதைச் சுலபமாக்கும், அவ்வளவுதான்.

கருப்புவண்டி:
இன்று செய்து பார்த்தேன். பானட் திட்டு எல்லாம் வெந்நீர்த் துணிக்கே போய்விட்டது, நம்பவே முடியவில்லை. மேற்கூரையில் மட்டும் கையளவு ஒரு இடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. அதற்கு பாலிஷ்தானா?

பெயின்ட்பூத்:
அவசரப்படாதீர்கள். வேக்ஸ் போடாமல் நன்றாக வெயில் படும் இடத்தில் சில நாள் நிறுத்துங்கள், சூட்டில் அதுவே தளர்ந்து மறைய வாய்ப்பு இருக்கிறது. மறையாவிட்டால் இன்னொரு தடவை வெந்நீர். அப்போதும் நகத்தில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.