பாத்ரூம் டைல்ஸ் ஒட்ட வந்தவரு பையனோட செஜாரா (சரித்திர) புக்க பாத்து சொன்னது

செந்தூல்வாசி:
வணக்கம் மக்களே. எங்க வீடு செந்தூல்ல பழைய பிளாட், பாத்ரூம் டைல்ஸ் மாத்த ஒருத்தர் வந்திருக்காரு, பாவியான் தீவுக்காரரு, இந்தோனேசியாவுல ஜாவாவுக்கு வடக்கால இருக்கற குட்டித் தீவு. கோலாலம்பூர்ல இருபது வருஷமா இருக்காராம், கை சுத்தமான வேலைக்காரர். என் மகன் படிவம் 5, இந்த வருஷம் எஸ்பிஎம் (பள்ளி முடிக்கற பரீட்சை), ஹால்ல தரையில செஜாரா புக்க விரிச்சி கொன்ஃப்ரொந்தாசி, அதான் மலேசியா உருவானத எதிர்த்து இந்தோனேசியா நடத்துன சண்டை, அந்தப் பாடத்த மனப்பாடம் பண்ணிட்டு இருந்தான், இவரு கையில சிமெண்டோட எட்டிப் பாத்துட்டு "ஹாருன் எங்க ஊர் பையன், எங்க ஏர்போர்ட்டுக்கே அவர் பேர்தான்"னு நெஞ்ச நிமித்தி சொல்றாரு. யார்டா அதுன்னு போன்ல தட்டிப் பாத்தா, 1965 மார்ச் 10 அன்னிக்கு சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோடு மெக்டொனால்ட் ஹவுஸ்ல குண்டு வச்ச கேஸ்ல மாட்டி, 1968 அக்டோபர்ல சாங்கியில தூக்குல போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர்! குண்டுல 3 பேர் செத்துட்டாங்க, பேங்க்ல வேலை செஞ்ச ரெண்டு பொம்பளைங்க, ஒரு டிரைவர். காயம் 33 பேருக்கு. ஆனா இந்தோனேசியாவுல உஸ்மான், ஹாருன் ரெண்டு பேரும் தேசிய வீரர்கள்.

பையன் என்னைய பாத்து "அப்பா, அப்ப எந்த புக் பொய்?"ன்னு கேட்டுட்டான். நான் டீ கலக்கப் போற மாதிரி நழுவிட்டேன். நீங்கல்லாம் புள்ளைங்களுக்கு இத எப்படி சொல்றீங்க?

கிள்ளான் டியூஷன் அக்கா:
தம்பி, முதல்ல பரீட்சை. 2013லேர்ந்து செஜாரால பெயிலானா எஸ்பிஎம் சர்டிபிகேட்டே கிடையாது, அதனால புக்ல உள்ளத எழுத சொல்லுங்க, வீரம் எல்லாம் அப்புறம் காட்டலாம். மத்தபடி "எது பொய்"னு தேடறத விட ஒவ்வொருத்தரும் கதைய எந்த தேதியில ஆரம்பிக்கறாங்கன்னு பாக்க சொல்லுங்க, நான் என் பசங்களுக்கு அப்படித்தான் சொல்றது. நமக்கு 1961 மே 27, மலாயா பிரதமர் துங்கு மலேசியா யோசனைய சிங்கப்பூர் அடெல்ஃபி ஹோட்டல்ல பேசினது, அப்புறம் சபா, சரவாக் மக்கள்கிட்ட கருத்து கேட்ட கோபோல்ட் கமிஷன், 1963 செப்டம்பர் 16 மலேசியா பொறந்தாச்சு, சும்மா இருந்த நம்மள இந்தோனேசியாக்காரன் வந்து அடிச்சான். அப்ப இந்தோனேசிய அதிபரா இருந்த சுகார்னோ பக்கம் நின்னா கதை 1962 டிசம்பர் புருணை கலகத்துல தொடங்கும், பிரிட்டிஷ்காரன் முன்வாசல் வழியா போற மாதிரி போயி பின்வாசல் வழியா திரும்ப உள்ள வர்றான், அதுக்குப் பேருதான் மலேசியா, இதுதான் அவங்க வாதம், நெகோலிம்னு (புது வேஷத்துல வர்ற காலனி ஆட்சி, ஏகாதிபத்தியம்) ஒரு வார்த்தையே வச்சிருந்தாங்க. சிங்கப்பூர்காரங்கள கேட்டா முதல்ல வாயில வர்றது மெக்டொனால்ட் ஹவுஸ்தான், 2015ல அதுக்கு எதிர்லயே நினைவுச் சின்னம் வச்சிட்டாங்க. இன்னொன்னு, குண்டு வெடிச்சப்ப சிங்கப்பூர் மலேசியாவுக்குள்ளதான் இருந்துச்சு, பிரிஞ்சது ஆகஸ்ட் 9. பசங்க இத கேட்டா வாயப் பொளக்கறானுங்க.

சீனாவுல பாருங்க, ஜப்பானோட நடந்தது எட்டு வருஷப் போருன்னு இருந்தத 2017ல பதினாலு வருஷம்னு பாடப்புத்தகத்துலயே மாத்திட்டாங்க, 1937க்கு பதிலா 1931ல ஆரம்பம். தேதி நகந்தா கதையே நகந்துடும்.

லாபிஸ் பேரன்:
அக்கா சொல்றதுல்லாம் சரிதான், ஆனா எங்க அப்பா ஜொகூர்ல லாபிஸ் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவரு, அவருக்கு ஆரம்ப தேதி ஒன்னே ஒன்னுதான், 1964 செப்டம்பர் 2. அன்னிக்கு ராத்திரி இடி மழைல பாராசூட்ல இந்தோனேசியா ஆளுங்க 96 பேர் வந்து எறங்குனாங்க, காத்துல சிதறி ஆளுக்கொரு பக்கம் விழுந்துட்டானுங்க. அப்பாவுக்கு அப்ப பத்து வயசு, பாட்டி விடியறதுக்கு முன்ன தலையில லைட்ட கட்டிட்டு பால் வெட்டப் போவாங்களாம், அந்த வாரம் மட்டும் லைட்ட அணைச்சிட்டு மரத்த தடவித் தடவி வெட்டுனாங்களாம், வெளிச்சத்த பாத்து சுட்டுருவாங்கன்னு பயம். வெட்டு கோணலா போயிடுச்சின்னு கிராணி (தோட்டத்து கணக்கரு) வேற ஏசியிருக்காரு 😂 இதெல்லாம் எந்த புக்ல வரப்போவுது சொல்லுங்க.

பழையபேப்பர்:
எனக்கு இதுல எரிச்சல் வர்ற இடமே வேற. 1966 ஆகஸ்ட்ல சமாதானம் பண்ணினது சுகார்னோகிட்டேர்ந்து அதிகாரத்த எடுத்த சுஹார்த்தோ ஆட்சி, சுகார்னோவோட அந்த சண்டையே வேணாம்னு கைகழுவின ஆளுங்க, ஆனா அதே ஆளுங்கதான் 1968ல இந்த ரெண்டு பேரையும் வீரர்னு கொண்டாடி ஜாகர்த்தா காலிபாத்தா வீரர் கல்லறையில அடக்கம் பண்ணுனாங்க. சண்டை வேணாம், ஹீரோ மட்டும் வேணும்! 1973ல சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ அங்க போயி ரெண்டு கல்லறையிலயும் பூ தூவுன பிறகுதான் உறவு சரியாச்சு. சரி முடிஞ்சிதுன்னு பாத்தா 2014ல போர்க்கப்பலுக்கு உஸ்மான் ஹாருன்னு பேர வச்சாங்க, சிங்கப்பூர் அந்தக் கப்பல் எங்க துறைமுகத்துக்கே வரக்கூடாதுன்னுடுச்சு.

ஆனா நம்ம பக்கமும் ரொம்ப வெள்ளை இல்ல. 1964லேர்ந்து பிரிட்டிஷ் ராணுவமும் கூர்க்காங்களும் சரவாக் எல்லைய தாண்டி இந்தோனேசியாவோட கலிமந்தானுக்குள்ள போயி அடிச்சாங்க, ஆபரேஷன் கிளாரெட், வருஷக்கணக்கா வெளிய சொல்லல. நான் ஸ்கூல் படிச்சப்ப இதப் பத்தி ஒரு வாத்தியாரும் மூச்சு விடல. அவங்க வந்தா ஊடுருவல், நம்மாளுங்க போனா தற்காப்பாக்கும். இதையும் உங்க பையனுக்கு சொல்லுங்க அண்ணே, சும்மா அவங்கள மட்டும் குத்தம் சொல்லாம.

செந்தூல்வாசி:
எல்லாருக்கும் நன்றி. லாபிஸ் பேரன், உங்க பாட்டி கதைய பையன் கிட்ட படிச்சு காட்டினேன், புக்க மூடி வச்சிட்டு கேட்டான், இது பரீட்சைல வராதே பான்னு வருத்தம் வேற.

இன்னிக்கு நாஸி லெமாக் வாங்கிக் குடுத்துட்டு அந்த அண்ணன்கிட்ட செத்தது யாருன்னு தெரியுமான்னு பையனே கேட்டுட்டான், நான் நடுங்கிட்டேன். அவரு சாப்பாட்ட அப்படியே வச்சிட்டு "ஸ்கூல்ல தூக்குல போட்டத சொன்னாங்க, மத்தது எனக்கு ஞாபகம் இல்ல"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு "ரெண்டு பொம்பளைங்களா?"ன்னு திரும்பக் கேட்டாரு. பையன் ஆமான்னான். அப்புறம் எந்திரிச்சு போயி சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் பேசாம டைல்ஸ் ஒட்டிட்டு இருந்தாரு. சுவரு ஒன்னு பாக்கி இருக்கு, நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு போயிருக்காரு.