புதுப்பிப்பு: ஏரி மாசுப் பிரச்சாரத்துக்கு வரும் படங்களில் இருப்பிடத் தகவல் அழிவது

ஏரியில் கழிவுநீர் கலக்கும் இடத்தைப் பலரும் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். படம் மங்குகிறது, இருப்பிடத் தகவலும் இல்லை, புகாரோடு இணைக்க என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

‘டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கி, எக்ஸிஃப் விவரங்களையும் (எடுத்த நேரம், இடம் போலப் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகும் தகவல்) நீக்கிவிடும். எச்டி தேர்வு தெளிவைக் கூட்டுமே தவிர, அதுவும் சுருக்கப்பட்ட படம்தான். டாக்குமெண்டாக வந்த படத்தில் குழாயின் வாயில் படிந்த கருப்பு நுரைகூடப் பெரிதாக்கினால் தெரிகிறது. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

எதிர்பாராதது: சில போன்களில் டாக்குமெண்டாக அனுப்பியும் இருப்பிடம் வரவில்லை. ஜிப் கோப்பாக்கி அனுப்பியதும் வந்துவிட்டது.

இன்னொன்று, இது மிக முக்கியம். வீட்டு மாடியிலிருந்து எடுத்த படமென்றால் எடுத்தவரின் வீடே கோப்பிலுள்ள இருப்பிட எண்களில் (அட்சரேகை, தீர்க்கரேகை) தெரியும். மூலக்கோப்பு புகாருக்கு மட்டும் போகட்டும். பொதுவில் பகிரும் டிரைவ் கோப்புறையில் போடாதீர்கள். பதிவுகளுக்கு ஸ்கிரீன்ஷாட் போதும், அதில் அந்த விவரம் இருக்காது.

எங்கள் பிரச்சாரத்தின் கட்டண விளம்பரம் நிராகரிக்கப்பட்டதற்கும் காரணம் தெரிந்தது: மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிறுவனம்) சுற்றுச்சூழல் கோரிக்கைகள் ‘சமூகப் பிரச்சினை’ வகையில் வரக்கூடும். அடையாளச் சரிபார்ப்பும், பணம் செலுத்துபவர் யார் என்ற குறிப்பும் முதலில் வேண்டும்.