கேலிபரேஷனில் திருத்தம் எங்கே இருக்கிறது?

வணக்கம்.

கேலிபரேஷனுக்கு, அதாவது அளவு தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு ஓர் அளவுக்கருவி எவ்வளவு பிழையாகக் காட்டுகிறது என்று பார்ப்பதற்கு, தமிழில் 'அளவுத்திருத்தம்' என்ற சொல்தான் ஏற்கெனவே புழங்குகிறதே, அதுவே இருக்கட்டும் என்று ஐயா எழுதியிருந்தார். புழங்குவது உண்மைதான். ஆனால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கருவிகளின் கேலிபரேஷன் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அது ஒத்துவரவில்லை. அந்த வேலையில் யாரும் எதையும் திருத்துவதில்லை.

சிறு பாகங்களின் தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். 25 மி.மீ. ஸ்லிப் கேஜை, அதாவது நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டையை, இடையில் வைத்துப் பார்க்கிறார்கள், கருவி 25.01 காட்டுகிறது. பிழை +0.01 என்று, நிச்சயமின்மையையும் (அந்த அளவீட்டிலேயே எவ்வளவு ஐயம் இருக்கலாம் என்பதையும்) சேர்த்துச் சான்றிதழில் எழுதுகிறார்கள். கேலிபரேஷன் அதோடு முடிந்தது. கருவியின் அளவுக்கோடு போட்ட குழலான ஸ்லீவைத் திருகிச் சுழியத்துக்குக் கொண்டுவருவது அட்ஜஸ்ட்மென்ட், அது தனி வேலை. இரண்டையும் குழப்பக் கூடாது என்று அளவையியலின் (மெட்ராலஜியின்) பன்னாட்டுச் சொற்றொகுதியே குறிப்புப் போட்டிருக்கிறது.

அப்படித் திருகினால், திருகுவதற்கு முன் காட்டிய அளவையும் பின் காட்டிய அளவையும் அறிக்கையில் தரச் சொல்கிறது, ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025. எங்களுக்கு முன் அளவுதான் முக்கியம். கருவி வரம்பு தாண்டிக் காட்டிக்கொண்டிருந்தது என்றால், போன கேலிபரேஷனுக்குப் பிறகு அதை நம்பிப் பாஸ் பண்ணிய சரக்கை எல்லாம் மறுபடி யோசிக்க வேண்டும். இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'அளவுத்திருத்த அறிக்கை: திருத்தத்துக்கு முன்.' ஆடிட்டர் வந்து படித்தால் சிரிப்பார்.

என் பரிந்துரை 'அளவொப்பீடு'. அளவொப்பீட்டுச் சான்றிதழ், அளவொப்பீட்டு அட்டவணை, அடுத்த அளவொப்பீட்டு நாள் என்று எளிதாகக் கிளை விடுகிறது. அட்ஜஸ்ட்மென்ட்டுக்குச் 'சரிசெய்தல்' போதும். 'திருத்தம்' என்பதை வேறொன்றுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்: 25.01இலிருந்து 0.01 கழித்துக்கொள்கிறோமே, அந்தக் கரெக்ஷனுக்கு.

'முத்திரையிடுதல்' என்று ஒருவர் சொன்னது வேண்டாம். அது கோயம்பேட்டுத் தராசுக்குத் தொழிலாளர் துறை சட்டப்படி சோதித்துப் போடுவது. அங்கே தேறியதா இல்லையா என்பதுதான் கேள்வி. 'தரப்படுத்தல்' என்றால் பருத்தியையும் தேயிலையையும் தரம் பிரிப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

ஷாப்பில் எல்லாரும் கேலிபரேஷன் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். பயிற்சிக் கையேட்டிலாவது சரியான சொல் இருக்க வேண்டும்.

அப்புறம், எங்கள் மைக்ரோமீட்டரில் தொடங்கி, ஆய்வகத்தின் ஸ்லிப் கேஜ் வழியாக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிற தொடர்புக்கு, அதாவது டிரேசபிலிட்டிக்கு, இன்னும் சொல் அமையவில்லை. 'தடமறிதன்மை' வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.